பதினேழாம் எண் செல்கள்

கெலாங் பாத்தாவில் குடியிருக்கும் வினிஃப்ரெட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. ரெங்கம் என்ற ஊரில் ஒரு ரப்பர்த் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். பன்னிரண்டு வருடமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். மார்பகக் குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் சம்மதித்துக் கொடுத்த திசுவிலிருந்து செல்களைப் பிரித்து வளர்ப்பது அவர் வேலை. அந்தப் பெண்களின் பெயர் அவருக்குத் தெரியாது, எண் மட்டும்தான்.

அந்தச் செல்கள் சில வாரம் பெருகும். பிறகு அவற்றுக்குள் பி16 என்ற புரதம் கூடும்; அதுதான் பிரேக். செல் மூப்படைந்து, பொரித்த முட்டை போல் அகன்று, பிரிவதை நிறுத்திவிடும். கட்டி வராமல் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று.

பதினேழாம் எண் நிற்கவில்லை. மற்றவை ஓய்ந்து மூன்று வாரமாகியும் பெருகிக்கொண்டே இருந்தது.

"இங்க வளர்க்கிற வேற புற்றுச் செல் ஏதாச்சும் கலந்திருக்கும் லா. தூக்கிப் போட்டுடுங்க," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ராஜசேகரன்.

"நான் கலக்கல, டாக்டர்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே உறுதியில்லை. தன் கைதான் தவறியிருந்தால் ஒரு பெண்ணை வீணாகக் கதிகலங்க வைப்போம். தவறவில்லை என்றால், அவள் எதுவும் தெரியாமல் எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாளே உறையவைத்திருந்த அதே செல்களின் குப்பியை எடுத்து, தனியாக, மறுபடி வளர்த்தார். ஆறு வாரம் சரியான தூக்கமில்லை. இம்முறையும் செல்கள் நிற்கவில்லை. பி16 துளியும் இல்லை; பி53 என்ற இன்னொரு காவல் புரதமும் பழுதாகியிருந்தது. மரபணுச் சோதனையில் அவை அந்தப் பெண்ணின் செல்கள்தான் என்று உறுதியானது.

டாக்டர் சோதனை முடிவுத் தாளைப் படித்து முடித்தார். "இத வச்சு புற்றுநோய்னு சொல்ல முடியாது, வினிஃப்ரெட்."

"தெரியும் டாக்டர். ஆனா பார்க்காம விட்டுட முடியுமா?"

அந்த எண்ணுக்கு உரியவரை மருத்துவமனை தொடர்புகொள்ள ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதிக்க நான்கு நாள் ஆனது. மருத்துவமனை மிச்சத் திசுவை மறுபடி சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அந்தப் பெண்ணைப் பரிசோதனைக்கு அழைத்தது. அதன்பின் ஒரு தகவலும் இல்லை. தொலைபேசி அடித்தபோதெல்லாம் வினிஃப்ரெட் நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாவது வாரம் டாக்டரே வந்தார்.

"அஞ்சு மில்லிமீட்டர் புற்றுக் கட்டி. நேத்து எடுத்துட்டாங்க. வேற எங்கயும் பரவல."

வினிஃப்ரெட் கையுறையைக் கழற்றினார்.

"அவங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பெயரைக் கேட்கவும் கூடாது, அதுதான் விதி.