பொட்டு வைத்த லேப்டாப்

என் கணவர் பட்டுப்புடவைகளுக்கு பார்டர் டிசைன் வரைந்த லேப்டாப்பை, அவர் போன பிறகு வருஷத் திதி முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். அமாவாசைதோறும் அவருடைய படத்தோடு அதையும் படையலில் வைத்து, மூடிமேல் சந்தனப் பொட்டு வைத்தோம்.

திதி முடிந்த மறுநாள் திறந்தேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம், அவ்வளவுதான். ரங்கசாமி குளத்துப் பக்கம் இருந்த சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் பயாஸ் என்கிற செட்டிங்ஸ் திரையைத் திறந்து பார்த்தார். "உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்குதும்மா. அது செத்துட்டதால செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சுபோச்சு. எந்த டிஸ்க்கிலருந்து கிளம்பணும்னே இதுக்குத் தெரியல. சார்ஜே போடாம வச்சிக்கினு இருந்தீங்களா?"

ஆமாம் என்றேன். வருஷம் முழுக்கப் பொட்டு வைத்தோம், கரண்ட் கொடுக்கவில்லை. அதை இவரிடம் எதற்குச் சொல்வது?

பேட்டரியை மாற்றி, ஒரே ஒரு செட்டிங்கைத் திருத்தினார். லேப்டாப் ஓடியது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அடுத்த அமாவாசையன்று மாமியார் படையலுக்கு இலை போட்டுவிட்டு, "அத எடுத்துக்கினு வாம்மா" என்றார்.

"சார்ஜ்ல இருக்குது அத்தை" என்றேன்.