பைகளுக்குக் காவல்

கொழும்பில் ஓர் ஓவியக் கூடத்தில் பெண்கள் வரைந்த படங்களை மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்த அன்றே, போகிறோம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தின் சுவர் முழுக்க மயிலும் யானையும் தீட்டியவள் அவள். அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவில்லை. அந்தப் படங்களின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், கை தானாகப் பரபரக்கும். அவ்வளவுதான் என் ஆசை.

இரண்டு பேர் பஸ்ஸில் போய்வரலாம். ஆனால் கஹவத்தையிலிருந்து ஒருத்தி கொழும்புக்குப் போவது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? தங்கையின் கணவர் வேன் பிடித்தார். வேன் என்றதும் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மாமியார் வந்தார். மாமியார் வந்ததும் கோயில் வந்தது. கோயிலுக்குப் பின்னால் காலிமுகத்திடல் கடற்கரை வந்தது, மாமியார் கால் நனைத்தார், சேலை நனைந்தது, அது காயக் காற்று வேண்டியிருந்தது. நானோ வேனுக்கும் கடலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். வெயில் சாய்ந்துகொண்டே இருந்தது.

"மூடிருவாங்க" என்றேன்.

"படம் என்னா ஓடவா போகுது, அக்கா? ஆணியில தானே மாட்டியிருக்கு" என்றார் தங்கையின் கணவர்.

ஒருவழியாக வந்து சேர்ந்தால் வாசலில் காவலாளி. "பேக் ஒக்கோம எலியே தியன்ன ஓன." பைகள் எல்லாம் வெளியேதானாம். வைக்க அலுமாரியும் இருந்தது. மாமியார் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"பால் போத்தல் இருக்கு, சோத்து வாளி இருக்கு. தெரியாத எடத்துல போட்டுட்டுப் போறதா? யாராவது ஒருத்தர் பாத்துக்கணும்ல."

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்கை அதற்குள் வாசலோரத்து மர வாங்கில் உட்கார்ந்து பைகளைக் காலடிக்கு இழுத்துவிட்டாள்.

"இவளுக்காகத்தானே வந்தோம்!" என் குரல் உயர்ந்துவிட்டது.

"அதுக்கென்ன, நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம்" என்றார் அவள் கணவர். படத்தை வாயால் சொல்வாராம்.

"நீ மொதல்ல போயிட்டு வா அக்கா" என்றாள் தங்கை. "கத்தாத, எல்லாரும் பாக்குறாங்க."

ஓடினேன். அறை அறையாக ஓடினேன். கண் சுவரில், மனசு வெளியே வாங்கில். திரும்பி வந்து அவளைப் பிடித்து எழுப்பி உள்ளே தள்ளிவிட்டு நான் பைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அவள் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, மாமியார் இடுப்பிலிருந்த கைக்குழந்தை வீறிட்டது. போத்தலை நீட்டினேன், தட்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் அழட்டுமே என்று மன்றாடினேன். "பச்சப்புள்ளைய அழவிட்டுப் படம் பாக்குறதா?" என்றார் மாமியார். தங்கையின் கணவர் உள்ளே போய் அவளைக் கூட்டிவந்தார். காவலாளி ஒரு பக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"எத்தன படம் பாத்த?"

"ஒண்ணு."

"ஒண்ணா? நாலு அறை இருக்குடி!"

"ஒரு பொம்பள பட்டப்பகல்ல தூங்குறா, அக்கா. பக்கத்துல துணியெல்லாம் மடிக்காம கெடக்குது. யாருமே எழுப்பல. அதுலயே நின்னுட்டேன்." குழந்தையை மார்போடு அணைத்தபடி சொன்னாள். "நீதான் எல்லாத்தையும் பாத்தியே. என்னா பாத்த, சொல்லு."

வாயைத் திறந்தேன். ஒரு நீலம் வந்தது, ஒரு சிவப்பு வந்தது, ஒரு முழங்கை வந்தது. ஒரு படமும் முழுதாக வரவில்லை. அவள்மீதும் கோபம், என்மீதும் கோபம், அந்தச் சோற்று வாளிமீது அதைவிடப் பெரிய கோபம்.

"மறுபடி வருவோம். நாம ரெண்டு பேரு மட்டும், பஸ்ல."

"புள்ளைய யாரு பாக்குறது?" பதில் வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"அப்பன் பாக்கட்டும்" என்றேன், அவள் கணவர் காதில் விழட்டும் என்றே.

வேன் கதவைத் திறந்துகொண்டிருந்தவர் நல்ல வேடிக்கை கேட்டதுபோலச் சிரித்தார். மாமியாரும் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.