இரண்டு பேர் அகலம்

தையற்காரி கசில்டாவுக்கு மனிதர்களின் முகத்தைவிட உடம்புதான் நன்றாக நினைவிருக்கும். ஸ்பெயினின் அல்மேரியாக் கரையோரம், மலைச்சரிவில் வெள்ளையடித்த நூறு வீடுகள் உள்ள அந்த ஊரில், முப்பத்தேழு வருடங்களில் அவள் அளவெடுக்காத தோள் கிடையாது. யாருக்கு முதுகு கூனல், யாருக்கு ஒரு கால் குட்டை, எந்த மணப்பெண்ணின் இடுப்பை எத்தனை மடிப்பு வைத்து மறைத்தோம் என்பதெல்லாம் அவளுக்கும் ஊசிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் எலோய், ஞாயிற்றுக்கிழமைதோறும் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் கடற்கரையில் கிடப்பவன். முனைக்கு அப்பால், கார் போகாத குடா ஒன்றில், துணி உடுத்தாமல் குளிக்கிறவர்களின் கரை இருந்தது. மாதாகோயில் மணி அடிக்கும்போது ரொட்டியையும் தக்காளியையும் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்பான்.

"வர்றியா?"

"ஊருக்கெல்லாம் நான் துணி தைக்கிறேன். நீ அவுத்துப் போட்டுட்டுத் திரி. கடைக்கு நல்ல விளம்பரம்தான், போ."

சிரித்துக்கொண்டே போய்விடுவான். இருபத்தெட்டு வருடம் கேட்டான். போன நவம்பரில், காலைக் காப்பி ஆறுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான். அவனுடைய பழுப்புக் கோட்டைத் தோளில் பிரித்துத் தைத்து, அவனுக்குப் போட்டு அடக்கத்துக்கு அனுப்பியவள் அவள்தான். அதற்குப் பிறகு கறுப்பைத் தவிர வேறு நிறத்தை அவள் தொடவில்லை.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை ஃபெர்மீன் போன் செய்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், எலோயின் கடற்கரைக் கூட்டாளி.

"கசில்டா, நாளைக்குக் கல்லு வைக்கிற நாள். மதியத்துக்குள்ள உங்க வீட்டு ஆள் வரலைன்னா கரையில எலோய் இடம் கைமாறிடும். வெளியூர் ஜோடி ஒண்ணு ரெண்டு மாசமா என்னை அரிச்சுக்கிட்டிருக்கு. நானும் எத்தனை நாள்தான் சாக்குச் சொல்றது?"

அந்தக் கரையின் வழக்கம் அது. கிழக்குக் காற்று கிளம்பினால் மணல் ஊசியாய்க் குத்தும். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கற்களை அரைவட்டமாக அடுக்கி, அந்த மறைப்பில் படுப்பார்கள். குளிர்காலக் கடல் அத்தனையையும் தள்ளிவிட்டுப் போகும். மே முதல் ஞாயிறன்று திரும்ப அடுக்க வேண்டும். அடுக்காதவர்களின் இடம் கேட்டவர்களுக்கு.

எலோயின் தூண்டிலும் பூட்சும் ஏற்கெனவே தம்பி வீட்டுக்குப் போய்விட்டன. அவன் இருந்த இடங்களில் அவள் கால் படாதது அந்தக் கரை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால், அத்தனை ஞாயிறும் அவன் எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான் என்று தெரிந்துகொள்ள வழியே இருக்காது.

மறுநாள் கறுப்பு உடுப்போடு, கற்றாழைகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடந்தாள். மேட்டின் உச்சிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைகள் இருபுறமும் இறங்கிக் கடலுக்குள் போயின. நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. அடியில் கிடந்த பாறைகளும், பாறைகளின் நிழல்களும், நிழலுக்குள் திரும்பிய மீன்களும் தெரிந்தன. கரையில் இருபது பேர் கல் சுமந்துகொண்டிருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்னும் என்று நினைத்திருந்தாள். ஆனால் எங்குமே தையல் இல்லையே என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் கல்லோடு எதிரே வந்தார். இடது தோள் ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம். தபால் பை இழுத்த இறக்கம்.

"ஃபெர்மீன்."

"அட! மூஞ்சியே தெரியலையே, எப்படிக் கண்டுபிடிச்சே?"

"உங்க கல்யாணக் கோட்டுல பஞ்சு வெச்சு அந்தத் தோளை நிமித்தினது யாராம்?"

"இங்க பஞ்சுக்கு அனுமதி இல்லம்மா" என்று அவர் சிரித்தார்.

மருந்துக்கடை ஒத்திலியா இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். அறுவைத் தழும்பு தொடைவரை வெயிலில் மினுங்கியது. அந்தச் சாய்வை மறைக்க எத்தனை பாவாடை தைத்திருக்கிறாள் கசில்டா!

"உனக்கு இன்னிக்கு மட்டும் சலுகை, கண்ணு. துணியோடவே இரு. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

கசில்டா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் திருத்தியது, நிமிர்த்தியது, மறைத்தது எல்லாம் திரும்பி வந்து வெயிலில் நடமாடிக்கொண்டிருந்தது. மாதாகோயிலில் மெழுகுவத்திக்கு முன்னால் தாழ்வதுபோல் அவள் குரல் தாழ்ந்தது.

"எலோய் இடம் எது?"

பாறையடியில் கீழ்வரிசைக் கற்கள் மட்டும் சரளையில் புதைந்து மிஞ்சியிருந்தன. அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். அது இல்லாமல் அவள் வெளியே கிளம்பியதே இல்லை. மண்டியிட்டு அளந்தாள். இரண்டு மீட்டர் பத்து.

"இது ஒரு ஆளுக்கு அதிகம்."

"நாங்களும் வருசா வருசம் சொல்லுவோம். ஏன்டா, டான்ஸ் ஆடவா கட்டுறேன்னு. அவ வந்தா இடம் வேணும்ல, அப்படிம்பான்."

ஃபெர்மீன் தன் கல்லைப் பார்க்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டார்.

ஒரு சென்டிமீட்டரும் குறைக்காமல் அடுக்கினாள். ஆறு வரிசை. நகம் பிளந்தது. முடித்ததும் கழுத்துப் பொத்தானில் தொடங்கினாள். பதினோரு பொத்தான்கள், எல்லாம் அவளே தைத்தவை. கறுப்பு உடுப்பைத் தையலோரம் பிசகாமல் மடித்து வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றினாள். அறுபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக அவள் முதுகில் வெயில் பட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வலது பாதியில் உட்கார்ந்தாள். காற்று தலைக்கு மேலே போயிற்று. அரைவட்டத்தின் வாய் நேராகக் கடலைப் பார்த்திருந்தது; அதில் கரையோ ஊரோ தெரியவில்லை. தண்ணீரும் அதன்மேல் அசையும் வெளிச்சமும் மட்டும். இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். இதைப் பார்த்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்றும் சொல்லியிருக்கிறான்.

மதியத்துக்குச் சற்று முன்னால், முதுகுப் பையோடு ஒரு ஜோடி இறங்கி வந்தது. அந்த இளைஞன் அவள் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, இந்த இடம் இந்த வருசம் காலின்னு சொன்னாங்க..."

கசில்டாவின் கை துணிப்பக்கம் போகவில்லை.

"இல்ல தம்பி. ஆள் இருக்கு."

"உங்க ஒருத்தருக்கா இவ்வளவு பெருசு?"

"ரெண்டு பேர்" என்றாள். பக்கத்துப் பாதியில் நாடாவை நீளமாக விரித்துப் போட்டுவிட்டு, எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தாள்.