நத்தைக்கு வலப்பக்கம் வாய்

கடைக்காரர் கொடுக்கும் சில்லறையை அவள் எண்ணுவதில்லை. ஒவ்வொரு காசின் ஓரத்தையும் கட்டைவிரல் நகத்தால் சுற்றித் தடவுகிறாள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், அவளுக்கு உறைக்காது. “அச்சு தேஞ்சு மூணு மாசம் ஆயிருக்கும். மாத்தாம அடிச்சுத் தள்ளியிருக்கானுங்க” என்று தான் வேலை பார்க்கும் ஆலையைத் தானே திட்டிக்கொண்டு காசைப் பைக்குள் போடுவாள்.

நாணய ஆலையில் அச்சு செதுக்குகிறவள். இருபத்திரண்டு வருஷ வேலை. ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘லென்ஸ்’ என்றால் அவள்தான். வலது கண்ணில் செருகிய லென்ஸைக் கழற்ற மறந்து சாப்பாட்டு அறைக்கு வந்துவிடுவாள். எதிரே இருப்பவரின் பல்லிடுக்கில் என்ன சிக்கியிருக்கிறது என்று சொல்லியும் விடுவாள். கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும். பக்கத்து மேசைக்காரர்கள் அதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். குரல் இறங்கினால் அவர்களுக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும்.

இந்த முறை அந்தக் குரல் இறங்கியதற்குக் காரணம் ஒரு நத்தை.

நாட்டின் புதைபடிவங்களையும் பணத்தின் வரலாற்றையும் சேர்த்துக் கொண்டாட மூன்று நினைவு நாணயங்கள் வெளியிடுவதாக ஏற்பாடு. ஒரு பக்கம் மண்ணுக்குள் கல்லாகிப்போன உயிர்: ஓர் இலை, ஒரு மீன், ஒரு நத்தை. மறுபக்கம் மக்கள் புழங்கிய பணம்: முதல் நோட்டு, ஓட்டைக் காசு, சோழி. நத்தை இவள் பங்குக்கு வந்தது. அருங்காட்சியகக் காப்பாளர் அசல் கல்லையே பஞ்சில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார். கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். இந்த இனத்தில் இடப்பக்கம் வாய் உள்ள ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவள் நாற்பது நாள் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சாந்தில் மாதிரி செய்தாள். ஒவ்வொரு சுருளிலும் பதினேழு வரி. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. இயந்திரம் அதைக் காசளவுக்குச் சுருக்கி எஃகில் வெட்டிக் கொடுத்தது. நாலு நாள் அந்த அச்சைக் கையால் திருத்தினாள்.

அங்கேதான் ஏமாந்தாள். அச்சில் எல்லாம் இடவலம் மாறி இருக்க வேண்டும். அப்போதுதான் காசில் சரியாக விழும். எழுத்துகள் மாறித்தான் இருந்தன. நத்தை மட்டும், பக்கத்தில் பஞ்சின்மேல் கிடந்த கல்லைப் போலவே, வலப்பக்கம் வாயோடு இருந்தது. கல்லையும் எஃகையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவே என்று நாலு நாள் பூரித்திருக்கிறாள். ஐந்தாம் நாள் அச்சில் மெழுகை ஒற்றி எடுத்தாள். மெழுகில் நத்தை இடப்பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

இயந்திரக் கோளாறு என்று நினைத்து வடிவமைப்பு அதிகாரியிடம் போனாள். கோளாறு இல்லையாம், முடிவாம். நாணயத்தில் பொறிக்கும் முகம் மதிப்பைக் காட்டும் எண்ணுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது ஆலையின் பழைய வழக்கம். பெரிய மனிதர்களின் தலைக்காக ஏற்பட்டது அது. குழுவில் யாரோ அதை நத்தைக்கும் பொருத்தி, இயந்திரத்துக்காக மாதிரியைக் கணினியில் ஏற்றியபோது படத்தைத் திருப்பிவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நத்தைக்கு ஏது சார் முகம்?”

“திருப்பினாத்தான் லட்சணமா இருக்கும்மா. யாரு உத்துப் பார்க்கப் போறா?”

“பல கோடி வருஷமா வலது பக்கமே வாயை வச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. நீங்க ஒரு மத்தியானத்துல திருப்பிட்டீங்க.”

மறுபக்கத்துச் சோழியின் பற்களை மூன்று குழுக்கள் சரிபார்த்திருந்தன. வங்கியிலிருந்து ஒருவர் அளவுகோலோடு வந்துபோனார். நத்தையைச் சரிபார்க்க ஒரு நாதி இல்லை. “காசுன்னா கண்ணை விரிச்சுக்கிறாங்க, கல்லுன்னா மூடிக்கிறாங்க” என்று சாப்பாட்டு அறையில் பொருமினாள். காப்பாளருக்குப் போன் செய்தாள். மேலிடத்தில் முடிவானதை நாம் என்ன செய்ய முடியும், விட்டுவிடும்மா என்றார் அவர். பஞ்சில் பொதிந்து கொண்டுவந்த மனிதர். அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வீட்டில் அண்ணனிடம் காற்றில் விரலைச் சுழற்றி விளக்கினாள். அவர் குழாய் ஃபிட்டர், எட்டாவதோடு நின்றவர். அவள் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டார்.

“திருகு மரை மாறிப்போச்சுன்னு சொல்லு. இடது மரையைக் கொண்டுவந்து வலது மரைன்னு சொன்னா எந்த ஃபிட்டரும் கையில வாங்க மாட்டான் பாப்பா.” பிறகு கேட்டார்: “கையெழுத்து நீதானே போடணும்?”

அவள்தான். செதுக்கியவர் கையெழுத்து இல்லாமல் எந்த அச்சும் காசடிக்கும் இயந்திரத்துக்குப் போகாது.

வெளியீட்டு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. புதிதாக ஓர் அச்சு வெட்ட மூன்று வாரம் ஆகும். இந்தக் கணக்கை வைத்துத்தான் அதிகாரி ஒப்புதல் தாளை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கே வந்தார். பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்தார்.

“போட்டுடும்மா. இல்லேன்னா நாளையிலேருந்து இந்த மேசை உனக்கு இல்ல.”

“ஒரு நிமிஷம் சார்.” பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துகொண்டார்கள்.

அச்சை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த சாணைச் சக்கரத்துக்குப் போனாள். கடைசி மெருகு என்று அதிகாரி நினைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சக்கரம் மெருகுக்கானது அல்ல. தேய்ந்த அச்சு கள்ளக்காசுக்காரன் கைக்குப் போய்விடாதபடி, அதன் குறுக்கே கோடு கிழித்துச் சாகடிப்பது அங்கேதான். பொறி பறந்தது. பதினேழு வரிகளின் மேல் ஒரு கோடு. அச்சைச் சற்றுத் திருப்பினாள். குறுக்கே இன்னொரு கோடு. அதிகாரி ஏதோ கத்தினார். சக்கரத்தின் இரைச்சலில் கேட்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒப்புதல் தாளை ஓரமாக நகர்த்தினாள். அவர் திறந்துவைத்திருந்த பேனாவையே எடுத்து, செத்த அச்சுகளின் பதிவேட்டில் அன்றைய தேதியைப் போட்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘வாய் இடப்பக்கம்’ என்று எழுதி, கீழே தன் முழுக் கையெழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.