தீவிர மனுதாரர்

“என் கண்ணைத் தப்பி ஒரு புள்ளிகூட கோர்ட்டுக்குப் போகாது!”

வக்கீல் சங்கக் கூட்டத்தில், ‘கம்ப்யூட்டரால் வக்கீலுக்கு வரும் ஆபத்துகள்’ என்ற தலைப்பில் நம் வக்கீல் ஒன்றரை மணி நேரம் முழங்கியதன் சாரம் இதுதான். நடுவில் மைக் செத்தது, அவர் சாகவில்லை. அன்றிலிருந்து சக வக்கீல்கள் அவரைப் ‘பெரும்புள்ளி’ என்கிறார்கள். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

கட்சிக்காரர் வாய் திறக்குமுன் அவருடைய செல்போன் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் போய்விடும். “சுவத்துக்குக் காதுங்கிறது பழைய கதை. இப்பக் கைக்கே காது முளைச்சாச்சு” என்பார். மடிக்கணினியின் கேமரா மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. காணொலி விசாரணையில் நீதிபதி அரை மணி நேரம் இருட்டோடு பேசினார். இருட்டு நன்றாகவே வாதாடியதாகக் கேள்வி.

கடவுச்சொல்லை அடிக்கும்போது கறுப்பு அங்கியைத் திரைபோல விரித்து மறைத்துக்கொள்வார். ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் அடிக்க வரும். பதினெட்டு வருடமாகக் கூட இருக்கும் குமாஸ்தா அம்மாளுக்கு அது மனப்பாடம். கேட்காதது மாதிரி கோப்புக்கு நூல் கட்டிக்கொண்டிருப்பார்.

அன்று வந்திருந்தவர் தையல்கடை நடத்தும் ஒரு பெண்மணி. கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே ஓடிவந்திருந்தார். மறுநாள் காலையில் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவதாகக் கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். அவர் கடைக்குள் கால் வைக்கத் தடை கேட்டு, அன்று ஐந்து மணிக்குள் கணினி வழியே மனுப் போட வேண்டும். தவறினால் தையல் மெஷின் தெருவில்.

பெரும்புள்ளி பழைய வழக்கு ஒன்றின் நகலைத் திறந்து பெயர்களை மாற்றினார். அதில் ‘வாதி’ என்று இருந்தது. இந்த மாதிரி மனுவில் ‘மனுதாரர்’ என்று இருக்க வேண்டும். வாதி என்று எங்கே கண்டாலும் மனுதாரர் என்று மாற்றும்படி கணினிக்கு உத்தரவிட்டார். நாற்பத்தோரு இடம், ஒரே தட்டு.

“பாத்தியாம்மா? கையால மாத்தினாத்தான் தப்பு வரும்.”

“என் கண்ணாடிக் காம்பு ஒடிஞ்சு கெடக்கு சார். உங்களுதக் குடுத்தா நானும் ஒருதரம் பாத்துடறேன்” என்றார் குமாஸ்தா அம்மாள்.

“கண்ணாடியும் பாஸ்வேர்டும் இரவல் குடுக்கக் கூடாதும்மா. ரெண்டு பேர் பாத்தா ரெண்டு தப்பு.”

முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் தம் கையெழுத்தை ரசித்தார், அனுப்பினார்.

நான்கு மணிக்கு மனு திரும்பி வந்தது. நீதிமன்ற அலுவலகம் ஒரே வரி எழுதியிருந்தது: ‘மனுதாரர் தம்மைத் தாமே தடுக்கக் கோருகிறாரா?’

அச்செடுத்த தாளைத் தையல்காரம்மாள்தான் முதலில் கையில் வாங்கினார். எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“‘மனுதாரர் தீவிரமனுதாரர் அல்லர்’... ‘கட்டட உரிமையாளர் ஒரு சந்தர்ப்பமனுதாரர்’... சார், ‘மனுதாரர்டுகிறார்’னா என்ன? ஏதாச்சும் வியாதியா?”

“அது... வாதிடுகிறார்.”

தையல்காரம்மாள் கடைசிப் பத்திக்கு வந்தார். “‘பிரதிமனுதாரர் கடைக்குள் நுழைய நிரந்தரத் தடை’... பிரதின்னா ஒவ்வொருத்தரும்தானே சார்? மனுதாரர்னு இருக்கிறது நான் ஒருத்திதான். அந்தாளு நாளைக்குத்தான் பூட்டுறேன்னான். நீங்க இன்னிக்கே என்னை வெளிய தள்ளிட்டீங்களே!”

“கம்ப்யூட்டர் பண்ணின சதிம்மா இது.”

“அது என்ன சார் பண்ணும்?” என்றார் குமாஸ்தா அம்மாள், நூலை முடிச்சுப் போட்டபடி. “வாதின்னா எல்லா வாதியும்தான் வருவான். பிரதிவாதி, தீவிரவாதி, சந்தர்ப்பவாதி... ஆளு பாத்து மாத்த அதுக்கென்ன கண்ணா இருக்கு?”

“நான் சட்டையில கழுத்து வைக்க வேண்டிய இடத்துல கை வச்சா, உடுத்துறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?” என்று தையல்காரம்மாள் தாளை மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பெரும்புள்ளி சமாளித்திருப்பார்.

பெரும்புள்ளி மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாதியாகத் தேடிப் பிடித்துக் கையாலேயே திருத்தினார். பிரதிவாதியை எதிர்மனுதாரர் ஆக்கினார். வாதிட வேண்டியவர்களை வாதிட விட்டார். சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. விரல் அனுப்பும் பொத்தான்மேல் போய் நின்றது. தையல்காரம்மாள் அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

பெரும்புள்ளி பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் ஓரத்தில் இரண்டு பக்கமும் துடைத்து, சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டே, குமாஸ்தா அம்மாள் இருந்த பக்கமாக நீட்டினார்.