கருப்புத் திரையின் மேல் வரி

"அக்கா, ஆன் பண்றேன்" என்று முன்னறையிலிருந்து ரத்தினவேலின் குரல் வந்தது. அந்தக் குரல் அடங்குவதற்குள் லேப்டாப் திறக்கும் சின்ன இசையும் கேட்டது.

அடுப்படியில் நண்டு கழுவிக்கொண்டிருந்த சந்தனமேரியின் கை அப்படியே நின்றது. இசை இத்தனை சீக்கிரம் வராதே. முதலில் திரை கருப்பாகும். வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் வந்து நிற்கும். மேல் வரி பாஸ், அரசாங்கமே போட்டுத் தந்த இயங்குதளம்; கீழ் வரி விண்டோஸ். எதற்குள் போக வேண்டும் என்று நாம் சொல்லும்வரை அந்த இயந்திரம் காத்திருக்கும். இன்று அது காத்திருக்கவில்லை.

பிளஸ் டூ படிக்கும்போது மகள் ஷர்லிக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. மணமேல்குடியில் அந்த லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் முதல் வேலையாகக் கடைக்குப் போய் பாஸை அழித்துவிட்டு வந்தார்கள். படம் ஏற்ற இடம் வேண்டுமே. ஷர்லி மட்டும் மறுத்துவிட்டாள்.

"ரெண்டும் இருக்கட்டும்மா. விண்டோஸ்ல எவனாச்சும் வந்து கேம் போடுவான். பாஸை யாரு தொடப்போறா? அது என்னோட ரூமு."

மாதா கோயிலில் ஞாயிறு பைபிள் வாசகம் வாசிக்குமுன் அந்த அறைக்குள் போய்த்தான் தன் குரலைப் பதிந்து பழகுவாள். திருச்சிக்குப் படிக்கப் போன அதே வருடம் மஞ்சள்காமாலை அவளைக் கொண்டுபோனது. அவள் குரல் இருந்த கைப்பேசியை அடக்கம் முடிந்த மறுநாள் அவள் அப்பா சார்லஸ் கடலில் வீசினார். "இனிமே அந்தச் சத்தம் இந்த வீட்ல கேக்கக் கூடாது. கேட்டா நான் செத்துருவேன்" என்றார்.

அதனால் மேல் வரியைப் பற்றி சந்தனமேரி புருஷனிடம் மூச்சுவிடவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். சந்தையில் மீன் விற்பவள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனாலும் மேல் வரி எது என்று தெரியும். மகள் சொல்லிக்கொடுத்தபடி என்டரை அமுக்குவாள். சார்லஸ் கடலுக்குப் போன நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு அங்கே பதிந்திருந்த மகள் குரலைக் கேட்பாள். வாசகம் முடிந்ததும், "அம்மா, கடைசி வரைக்கும் கேட்டுச்சா?" என்று ஷர்லி கேட்பாள். "கேட்டுச்சுடி" என்று இவள் சொல்வாள். இரண்டு வருடமாக அந்த ஒரு பேச்சில்தான் அவள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஈரக்கையோடு முன்னறைக்கு ஓடினாள்.

"பாத்தீங்களாக்கா? குதிர மாதிரி ஓடுது" என்றான் ரத்தினவேல். கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன்.

"தூசி தட்டத்தானே தம்பி அவரு கொண்டுபோனாரு?"

"ஒங்கள்ட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்காரு. கருப்பா ஏதோ வந்து நிக்கிது, மேரி அதப் பாத்துக் கண்ணு கலங்குறா, அந்தக் கோளாற எடுத்துருன்னாரு. பாஸ்னு ஒருத்தன் வாடகையும் குடுக்காம பாதி வீட்ட அடச்சுக்கிட்டு இருந்தான். காலி பண்ணிட்டேன். விண்டோஸும் புதுசு. காலி பண்ணுன எடம் பூரா படமா ஏத்திக் குடுத்திருக்கேன். உக்காந்து பாருங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல எம்புள்ள பேசுறது இருந்துச்சு."

ரத்தினவேலின் சிரிப்பு செத்தது. அவசரமாக எதையெதையோ திறந்தான். அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டான். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. மாதாவை வேண்டிக்கூட அவளுக்கு நாக்கு எழவில்லை. கோடு முடிந்தது. அவன் தலை நிமிரவில்லை.

"மேல படத்த ஏத்திட்டேன்கா. அடியில ஒண்ணும் நிக்கல. விண்டோஸ்லயே பாட்டு, போட்டோ எல்லாம் இருந்துச்சா, அத மட்டும் பத்திரமா எடுத்து வச்சேன். பாஸ்ல யாரும் எதையும் வைக்க மாட்டாங்கக்கா. நான் பாத்த வரைக்கும் யாருமே வச்சதில்ல."

அவன் பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தான்.

"வேணும்னா பாஸை மறுபடி போட்டுத் தாரேன். பழையபடி அந்த ரெண்டு வரியும் வரும்."

"வரி வரும். உள்ள அவ இருப்பாளா தம்பி?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தெருவில் சார்லஸின் செருப்புச் சத்தம் கேட்டது. சந்தனமேரி அவன் கையைப் பற்றினாள்.

"அவருக்குத் தெரிய வேணாம். நல்லது செய்யணும்னு செஞ்ச மனுசன். தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

கலர் சோடா பாட்டிலோடு சார்லஸ் உள்ளே வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மேரி, இப்ப நல்லா வருதா?"

"வருதுங்க. வெரசா வருது."

"கேட்டியாடா தம்பி? ஒங்கக்கா வாயில நல்ல வார்த்த வாங்குறதும் கடல்ல முத்து எடுக்குறதும் ஒண்ணு." கட்டிலில் உட்கார்ந்து, பாட்டிலை அவனிடம் நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு கேக்கணும். புள்ள பேசுனது, படிச்சது ஏதாச்சும் அதுக்குள்ள கெடக்குதா? அன்னிக்கிப் புத்தி கெட்டுப்போய் போனைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டேன். இப்ப கேக்கத் தெம்பு வந்திருச்சு. மேரியும் நானும் ஒண்ணா உக்காந்து ஒருக்கா கேப்போம்னுதான் இதச் சரி பண்ணவே குடுத்தேன்."

சந்தனமேரி சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். ரத்தினவேல் அவளைப் பார்த்தான்.

"நல்லாத் தேடிட்டேன்ணே. ஒண்ணும் இல்ல."

"ஒரு வார்த்தகூடவா?"

"இல்லண்ணே."

"சரிப்பா" என்றார் சார்லஸ். அந்த ஒரு சொல்லில் அவருக்குப் பத்து வயது கூடியது போலிருந்தது.

கலரைத் தொடாமல் ரத்தினவேல் பையை எடுத்துக்கொண்டான். "வாரேன்கா" என்றான். அவள் தலையசைத்தாள். அவன் படியிறங்கிப் போனதும் சார்லஸ் எழுந்து போய், அழுகை தெருவுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினார்.