வாயாடிக்கு வந்த விக்கல்

காலர் தைக்கும் பிரிவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தது. அந்த வாய்க்காகத்தான் சங்கம் அவளைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியது. மேலாளரின் கண்ணாடி அறையில், பேச்சு சூடுபிடித்த நேரம் பார்த்து, அந்த வாய்க்கு விக்கல் வந்துவிட்டது.

சண்டை ஒரு டோக்கனைப் பற்றி. கழிப்பறைக்குப் போகிறவர்கள் சூப்பர்வைசரின் கழுத்தில் தொங்கும் டோக்கனை வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஒரு மிஷின் வரிசைக்கு ஒன்றுதான். இயற்கையும் முறை வந்த பிறகே அழைக்கும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. மாசமாயிருந்த அவளுடைய நாத்தனார், போன வாரம் டோக்கனுக்குக் காத்திருந்து, மிஷின் முன்னாலேயே உடை நனைந்து அழுதாள். "அண்ணி, இந்த டோக்கன் போகலைன்னா நான் வேலைக்கு வரமாட்டேன்."

மேஜையில் தேநீர்க் கோப்பையும் தண்ணீர் டம்ளரும் இருந்தன. ஒப்பந்தம் முடியும்வரை தொழிலாளர் தரப்பு நிர்வாகத்தின் தண்ணீரைக்கூடத் தொடாது. அங்கே அப்படி ஒரு வழக்கம். கோப்பை உதட்டுக்குப் போனால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் மிஷினை ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். ஓடிய மிஷினை மறுபடி நிறுத்துவது லேசல்ல. மேலாளருக்கும் அது தெரியும்.

"ரெண்டு டோக்கன் தரேம்மா. பெரிய மனசு பண்ணுங்க."

"டோக்கனே... விக்... வேண்டாம் சார்."

"ஐயோ, முதல்ல தண்ணி குடிங்க." பெற்ற தாய்கூட அத்தனை பாசமாக டம்ளரை நகர்த்தியிருக்கமாட்டாள்.

விக்கல் நெஞ்சை உதைத்தது. கண்ணில் நீர் கட்டியது. வெளியே நாத்தனார் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை டம்ளர் வரை போனது. சிலர் மிஷின் பக்கம் திரும்பினார்கள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வெளியே குழாய் இருக்கிறதே! எழுந்து கதவை நோக்கி நடந்தாள்.

"யாரைக் கேட்டு எழுந்து போறீங்க?"

பழக்கதோஷம். மேலாளரின் வாயிலிருந்து விழுந்தேவிட்டது. விக்கலே பயந்து நின்றது.

"தண்ணி குடிக்க சார். அதுக்கும் டோக்கன் உண்டா?"

நிறுவனத்து வக்கீல் குனிந்து மேலாளரின் காதில் சொன்னார்: "இது வெளிய போச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிடும் சார்."

மேலாளர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "சரி, டோக்கன் கிடையாது. ஆனா அங்க போய் அரட்டை அடிச்சா..."

"எனக்குத் தெரியாத அரட்டையா சார்? நான் பார்த்துக்கறேன்."

இரண்டு கையெழுத்தும் விழுந்தபிறகு, எல்லோருக்கும் தெரியும்படி கோப்பையைத் தூக்கினாள். வெளியே மிஷின்கள் உறுமின. தேநீர் ஆறி, ஆடை படிந்து, சர்க்கரையே இல்லாமல் இருந்தது. முகம் சுளிக்காமல் விழுங்கினாள். சர்க்கரையை அடுத்த ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.